‘ஏலாது’ என்று வீட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு

மலையகத்தில் ஒருவருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்துவிட்டால், பிறகு நடப்பது எந்தத் தோட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். “ஒப்பரேசன் செய்ய ஏலாதாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஆசப்பட்டத குடுங்கன்னு சொல்லிட்டாங்க” என்ற சேதி, ஆள் வந்து சேர்வதற்கு முன்பே லயத்துக்கு வந்துவிடும். ஒருவர் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வருவார். இன்னொருவர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் லீவு போட்டு வருவான். கத்தி வைக்க முடியாது, சரி, வேறு என்ன வழி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

லயத்து மக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்களும் இதையேதான் பேசுகிறார்கள். ஈரல் புற்றுநோய் என்றால் கதை முடிந்தது. அது குடித்தவன் தேடிக்கொண்ட வியாதி. சூட்டு ஊசி, லேசர் என்பதெல்லாம் கொழும்பில் காசுள்ளவனுக்கு. மலையகத்துக்கு முதலில் குடிதண்ணீரும் கக்கூஸும் வரட்டும். தொழிற்சங்கக் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் படித்து முன்னேறிய நம் பிள்ளைகளின் பேச்சிலும் இவை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. எல்லாமே தவறு. முதலாவது தவறு நேரடியாக உயிரை எடுப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கத்தி வைக்க முடியாது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லும்போது, பல வேளைகளில் அவருடைய கவலை கட்டியைப் பற்றியதல்ல, கட்டியைச் சுமந்திருக்கிற ஈரலைப் பற்றியது. கட்டி இரண்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும். ஆனால் ஈரலில் தொடங்குகிற புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிய ஈரலில்தான் முளைக்கிறது. ஆரோக்கியமான ஈரலில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் அது மறுபடி வளர்ந்து ஆளைக் காப்பாற்றிவிடும். சுருங்கிய ஈரலுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஒரு துண்டை வெட்டியெடுத்தால் மிச்சம் வேலைசெய்யாமல் நின்றுபோய், கட்டியால் சாக வேண்டியவர் அதற்கு முன்பே ஒப்பரேசனால் செத்துவிடுவார். இன்னும் சிலருக்கு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாகக் கட்டி இருக்கும். சிலருடைய இருதயம் நீண்ட மயக்கத்தைத் தாங்காது. கத்தியால் முடியாதவை இவை. வைத்தியத்தாலேயே முடியாதவை என்று இவற்றை யார் சொன்னது?

கத்தி நிற்கிற இடத்தைத் தாண்டி நாற்பது வருடமாக வேலை நடந்துகொண்டிருக்கிறது. கட்டிக்குள்ளே மெல்லிய கண்ணாடி இழையைச் செருகி லேசர் ஒளியைச் செலுத்தினால் அந்த இடத்தை மட்டும் சூட்டால் அழிக்கலாம் என்று 1983 இல் லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பவுன் எழுதினார். ஜெர்மனியில் தோமஸ் வோகல் 1990களில் அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தபடி செய்யத் தொடங்கினார். குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய கட்டிகளோடு வந்த 603 பேருடைய முடிவுகளை அவருடைய குழு 2004 இல் வெளியிட்டது. ரோமுக்குப் பக்கத்தில் அல்பானோ லாசியாலே என்ற சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் கிளவுடியோ பசெல்லா அதை இன்னும் எளிதாக்கினார். அவருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிறார்களே, அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதுமாக இருந்தது.

பசெல்லாவின் முறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். விலா எலும்புகளுக்கு நடுவே விறைக்க மருந்து போடுகிறார்கள். இரத்தம் கொடுக்கும்போது குத்துகிற ஊசியைவிட மெல்லிய ஊசி ஒன்று, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே கட்டிக்குள் இறங்குகிறது. ஊசிக்குள்ளே 0.3 மில்லிமீற்றர் பருமனுள்ள இழை. லேசரின் சக்தி 5 வாட், நேரம் ஆறு நிமிடம், அவ்வளவுதான். கட்டி சற்றுப் பெரிதென்றால் இரண்டு முதல் நான்கு ஊசிகளைச் சேர்த்து இறக்குவார்கள். இழையின் நுனியைச் சுற்றித் திரையில் வெள்ளையாகக் குமிழிகள் பரவுவது தெரியும். சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் கலங்களின் புரதம் குலைந்து உறைந்துவிடுகிறது. தொழிற்சாலையில் வேலைசெய்தவர்களுக்கு இது புதிதல்ல. புளிக்கவைத்த கொழுந்து ட்ரையருக்குள் போனதும் புளிப்பு நின்றுபோவதும் சூட்டில் இதேமாதிரிப் புரதம் குலைவதால்தான். 100 பாகையைத் தாண்டவிட்டால் திசு கருகிவிடும், கருகிய திசு ஒளியை மேலே போகவிடாது. அதனால்தான் சக்தியைக் குறைத்து வைத்து நிதானமாகச் செய்கிறார்கள். கட்டியின் விளிம்போடு நிறுத்திவிடவும் கூடாது. சுற்றிலும் அரை சென்ரிமீற்றராவது சேர்ந்து வேகவேண்டும், இல்லாவிட்டால் அந்த விளிம்பிலிருந்தே மறுபடி முளைக்கும்.

இப்படிச் செய்துகொண்டவர்கள் என்ன ஆனார்கள்? இத்தாலியின் பல ஆஸ்பத்திரிகளில் லேசர் சூடு பெற்ற, ஈரல் சுருங்கிய 432 நோயாளிகளின் கணக்கை பசெல்லா குழுவினர் 2009 இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் 47 மாதங்களுக்கு மேல் உயிரோடிருந்தார்கள். ஐந்து வருடத்தைக் கடந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். இவர்கள் எல்லோரும் சுருங்கிய ஈரலோடு வந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் படிக்கக் கூடாது.

லேசர்தான் உலகை வென்றது என்று சொல்ல மாட்டேன். அது பெரும்பாலும் இத்தாலியோடும் ஜெர்மனியோடும் நின்றுவிட்டது. மற்ற இடங்களில் ரேடியோ அலையால் சூடாக்கும் ஊசியும் இப்போது மைக்ரோவேவ் ஊசியும்தான் கூடுதலாகப் புழங்குகின்றன. 2015 இல் இத்தாலியில் லேசரையும் ரேடியோ அலையையும் 140 நோயாளிகளிடம் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். கட்டியை முழுதாக அழிப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. ஆகவே எந்தச் சூடு என்பது நமக்குப் பெரிய விஷயமல்ல. சூடு போதிய இடத்துக்குப் போதிய அளவு போய்ச்சேர்ந்ததா என்பதுதான் விஷயம்.

இது கத்திக்கு வழியில்லாதவனுக்கு ஆறுதலுக்குக் கொடுக்கிற வைத்தியம் என்பாரும் உண்டு. சீனாவில் குவாங்சோ நகரத்து வைத்தியர்கள் கத்தியும் வைக்கக்கூடிய, சிறிய ஒற்றைக் கட்டியுள்ள 180 பேரைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஒப்பரேசன், பாதிப் பேருக்குச் சூட்டு ஊசி. 2006 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, உயிரோடிருந்த காலத்தில் இரு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு நெதர்லாந்தில் ‘கொலிஷன்’ என்ற பெயரில் நடந்த பரிசோதனையோ பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சூட்டால் நோயாளிக்கு எந்த நட்டமும் இல்லை என்பது அதற்குள்ளேயே தெளிவாகிவிட்டது. கத்தி வைக்கக்கூடியவர்களுக்கே இதுதான் நிலை என்றால், கத்தி வைக்க முடியாதவருக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதை என்னவென்பது?

இந்த ஊசிக்கும் எல்லை உண்டு. அதை மறைத்து யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கட்டி 3 சென்ரிமீற்றருக்கு உள்ளே, எண்ணிக்கை மூன்றுக்கு மேற்படாமல் இருக்கும்போதுதான் சூடு நன்றாக வேலைசெய்கிறது. பெரிய இரத்தக்குழாயை ஒட்டிய கட்டியில் ஓடுகிற இரத்தமே சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய நாளத்துக்குள் கட்டி புகுந்துவிட்டால் ஊசியால் பயனில்லை. கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து, கால் வீங்கி வருகிறவருக்கு இதைச் செய்தால் இருக்கிற கொஞ்ச ஈரலும் போய்விடலாம். நன்றாக முடிந்த பிறகும், சுருங்கிய ஈரலின் வேறோர் இடத்தில் ஐந்து வருடத்துக்குள் புதிதாக ஒன்று முளைப்பது சர்வசாதாரணம். திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும், தேவைப்பட்டால் மறுபடி சுடவேண்டும்.

இதில் நம் மக்களுக்குரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு சென்ரிமீற்றர் கட்டி வலிக்காது. பசியைக் கெடுக்காது, காமாலை தராது. கொழுந்தெடுக்கிற பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவாள், அவளுடைய ஈரலில் அது இருப்பது அவளுக்குத் தெரியாது. வலி தெரிந்து டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ துண்டு எழுதி, அங்கிருந்து கண்டிக்குப் போய்ச் சேருகிறபோது அது ஏழு எட்டு சென்ரிமீற்றராகியிருக்கும். அந்த நேரத்தில் வைத்தியர் ‘ஏலாது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அந்த நேரத்துக்கான உண்மை. ஒரு வருடத்துக்கு முன்னால் அது பொய். அந்த ஒரு வருடத்தை யார் விழுங்கினார்கள் என்பதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

“குடிச்சான், ஈரல் போச்சு” என்ற தீர்ப்புக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. மலையகத்தில் குடி ஒரு பெரிய கேடு. கசிப்பும் சாராயமும் எத்தனை வீட்டை அழித்தன என்பதை இங்கு வாழ்கிற யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஈரல் சுருக்கத்துக்கு மது ஒரு முக்கிய காரணம் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் குடி ஒன்றே காரணம் என்று நினைக்கிற ஊரில், குடிக்காதவருடைய ஈரலை யாரும் பார்ப்பதில்லை. குறிப்பாகப் பெண்களுடைய ஈரலை.

களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்து ஆய்வாளர்கள் லிந்துலைப் பகுதித் தோட்டங்களுக்கே வந்து 35 வயதிலிருந்து 64 வயது வரையான 403 பேரை ஸ்கேன் பண்ணினார்கள். பெரும்பாலும் நம் மலையகத் தமிழர்கள். மேடு பள்ளம் ஏறி இறங்கி உடம்பால் உழைக்கிறவர்கள், கையில் காசில்லாதவர்கள். மதுவால் வராத கொழுப்பு ஈரல் அவர்களில் 18 வீதமானோருக்கு இருந்தது என்று 2011 இல் எழுதினார்கள். ராகமை நகரப் பகுதியில் அதே பீடம் கண்டது மூன்றில் ஒருவருக்கு. நகரத்தைவிடக் குறைவுதான். ஆனாலும் நாள் முழுக்க மலையில் நின்று வேலைசெய்கிற ஒரு சமூகத்தில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவை நெருங்கியிருப்பது சின்னச் செய்தியா? பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த ஆய்வை நம் அரசியல் மேடைகளில் ஒரு தடவையாவது யாராவது எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொழுப்பு ஈரலுள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வராது, மிகச் சிலருக்குத்தான். ஆனால் சீனி வியாதியும் சேர்ந்துகொண்டால் சிலருடைய ஈரல் சத்தமில்லாமல் தழும்பேறிச் சுருங்கும். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் குறைவாக உள்ள இலங்கையில் ஈரல் புற்றுநோய்க்கு இதுவும் ஒரு பெரிய வாசல். நிறை குறைந்து பிறந்த குழந்தைகள் பெரியவர்களானதும் சீனி வியாதிக்கு எளிதில் ஆளாவார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாட்டிலேயே நிறை குறைந்த பிறப்புகள் கூடுதலாக உள்ள இடங்களில் ஒன்று தோட்டம். தாயின் வயிற்றிலேயே பட்டினி கிடந்து பிறந்து, கோதுமை மாவு ரொட்டியையும் சீனி போட்ட தேத்தண்ணியையும் தின்று குடித்து உழைத்த ஒருத்தி ஐம்பது வயதில் ஈரல் கட்டியோடு வந்தால், “ஒங்க வீட்டுக்காரர் குடிப்பாரா, நீங்க குடிப்பீங்களா” என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இது வைத்தியமும் அல்ல, நியாயமும் அல்ல. குடித்தவருக்கும் இதையே சொல்வேன். குடியை நிறுத்திய ஈரல் பல வேளைகளில் ஓரளவு தேறிவருகிறது. பழைய குடியைச் சொல்லி ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

இனி, இதெல்லாம் நமக்கு ஆடம்பரம் என்கிறவர்களுக்கு. தண்ணீரும் கக்கூஸும் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? நம் முன்னோர் இந்த மலைக்கு வந்து 200 வருடம் கடந்தும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பது வெட்கம்தான். ஆனால் ஒன்று கிடைக்கும்வரை மற்றதைக் கேட்காதே என்பது துரைமார் நமக்குப் பழக்கிய கணக்கு. 1912 ஆம் வருடத்து மருத்துவத் தேவைகள் சட்டத்திலிருந்தே தோட்டத்து வைத்தியம் என்றால் ஆளை வேலைக்குத் திரும்ப அனுப்புகிற வைத்தியம் என்றுதான் ஆகிவிட்டது. காய்ச்சல், காயம், பிரசவம். அதற்கு மேலே உள்ளது வேறு மனிதர்களுக்கு என்ற நினைப்பு, தோட்ட ஆஸ்பத்திரிகளில் பல அரசாங்கத்தின் கைக்கு மாறிய பிறகும் நம்மைவிட்டுப் போகவில்லை.

ஆடம்பரம் என்கிறவர்கள் கணக்கையும் பார்க்கட்டும். லேசர் மெஷின் ஒன்றை ஹட்டனில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற தலைவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் டிக்கோயா ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கட்டடம் தேவைதான். ஆனால் ரிப்பன் வெட்டக்கூடியதை மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். ஈரலைச் சுடுகிற ஊசி வருடம் முழுக்க அதையே செய்கிற கைகளில் இருப்பதுதான் நோயாளிக்கு நல்லது. அந்தக் கைகள் ராகமையில் இருக்கின்றன. ஈரல் வெட்டு, ஈரல் மாற்று, ரேடியோ அலை ஊசி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிற குழு கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி, கட்டணமில்லை. மலைநாட்டு ரயில்பாதையும் ராகமையைத் தொட்டுத்தான் கொழும்புக்குப் போகிறது.

மலையகத்துக்குள்ளே வேண்டியது அதற்கு முந்திய படி. அதற்குச் செலவு மிகக் குறைவு. சீனி வியாதிக்காரர் ஒருவருடைய கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். நிறை, பிரஷர், சாப்பிடாமல் எடுத்த சீனி, மெட்ஃபோர்மின் எத்தனை, அடுத்த திகதி. பக்கம் பக்கமாக இதுதான். ஈரலைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டு ஈரல் நொதியங்கள், இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை, வயது ஆகிய நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்கு போடலாம். இரத்தச் சோதனைகள் இரண்டும் ஆதார ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் செய்கிறவை. கணக்கைக் கைபேசியிலேயே போட்டுவிடலாம். 1.3 க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 2.67 ஐத் தாண்டினால் ஈரலில் தழும்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம், மேலே பார்க்கவேண்டும். சுருக்கம் என்று உறுதியானவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை, இந்தச் சிலருக்குத்தான். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் பார்க்கச் சுகாதார அமைச்சு 2011 முதல் திறந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே வருகிற தோட்டத்து ஆட்களின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

மெஷின் விலையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளட்டும். 1980களில் ஜப்பானிய வைத்தியர்கள் சின்னக் கட்டிக்குள் சுத்தமான எதனோலை ஊசியால் ஏற்றியே அதை அழித்தார்கள். தேவைப்பட்டது ஸ்கேன், நீண்ட ஊசி, சில மில்லிலீற்றர் எதனோல் மட்டும். இப்போது சூடு அதைவிட நம்பகமானது என்பதால் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. ஆனாலும் 2 சென்ரிமீற்றருக்குட்பட்ட கட்டியில் அது இன்றும் மதிப்பிழக்கவில்லை. மலிவான வழிக்கும் விலையுயர்ந்த வழிக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: கட்டி சின்னதாக இருக்கும்போதே அகப்படவேண்டும்.

அகப்பட விடாமல் தடுக்கிற காரியங்களில் ஒன்று சம்பளம். கிளினிக் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக 2024 இல் ஆனபோது எவ்வளவு கொண்டாடினோம். அந்தக் காசையும் விட்டு, கண்டிக்குப் போக பஸ் காசும் கொடுத்து, கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு, சிங்களத்தில் எழுதிய துண்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்று, ஸ்கேனுக்கு இன்னொரு திகதி வாங்கிக்கொண்டு திரும்பியவரிடம், ஆறு மாதம் கழித்து மறுபடி வா என்றால் வருவாரா? வராதவரை அக்கறையில்லாதவர் என்று எழுதிவைப்பது எளிது. ஈரல் சுருக்கம் உறுதியானவர்களுக்கு வருடத்தில் இரண்டே நாள், ஸ்கேன் நாளில் பேர் போடவேண்டும் என்று கம்பனிகளிடம் ஏன் ஒரு சங்கமும் கேட்கவில்லை? சம்பளப் பேச்சுகளில் நிறை கழிப்பைப் பற்றியும் கிலோ கணக்கைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு நாள் ஒரு வரிதான்.

இவ்வளவும் செய்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். தோட்டத்துக்கு நூறு பேர் என்று சொல்ல மாட்டேன். ஒரு தோட்டத்தில் சில வருடத்துக்கு ஒருவராக இருக்கலாம். பிள்ளையின் ஏ.எல். பரீட்சை வரைக்கும், மகளின் கலியாணம் வரைக்கும், சேமலாப நிதி கைக்கு வரும்வரைக்கும் கூடக் கிடைக்கக்கூடிய நான்கு வருடம் என்ன பெறுமதி என்பதை அந்த வீட்டாரிடம் கேட்கட்டும்.

அதுவரை, இப்போது யாருக்காவது ‘ஏலாது’ என்று சொல்லப்பட்டிருந்தால், கட்டிலை விட்டுப் புறப்படுவதற்கு முன் அந்த வார்ட்டிலேயே நின்று கேளுங்கள். கட்டி எத்தனை சென்ரிமீற்றர், எத்தனை இருக்கிறது, பெரிய நாளத்துக்குள் போயிருக்கிறதா, ஈரல் எந்த நிலையில் இருக்கிறது, சூட்டு ஊசிக்கு ஏற்றதா என்று ராகமைக் குழுவிடம் படத்தைக் காட்டிக் கேட்டீர்களா? சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். பதிலைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஸ்கேன் படத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.